லண்டன் அண்ணையின் கோப்புறை

எங்கள் பக்கத்தில் யாராவது வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளை அன்பளிப்புச் செய்தால், பொருளைவிடப் பெரிதாக அவருடைய பெயரை அதன்மேல் எழுதிவிடுவார்கள். கோயில் குழாய் விளக்கில் எழுதுவார்கள். வெளிச்சம் பாதியாகக் குறையும், பெயர் முழுதாகத் தெரியும். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கியில் எழுதுவார்கள். பேருந்துத் தரிப்பிடத்தில் எழுதுவார்கள். அங்கே பேருந்து நிற்பதில்லை என்பது வேறு கதை. இந்த வழக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நாற்பத்தைந்து வயதுவரை வந்துவிட்டேன். அது ஒரு மடிக்கணினிக்குள்ளும் புகுந்து, ஒரு மனிதரின் மூச்சை நிறுத்தப் பார்க்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நான் மானிப்பாயில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணினி நிரலாக்கம் படிப்பிக்கிறேன். வீடு உடுவிலில். பொறுமையான ஆசிரியை என்று யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானே மறுத்திருப்பேன். உரும்பிராயில் ஒரு ஒழுங்கைக்குள், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் சிறிய நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே மூன்று இயந்திரங்கள், ஒரு தாதி, இரண்டு உதவியாளர்கள், கிழமையில் இரண்டு தரம் வந்துபோகும் ஒரு மருத்துவர், இவர்கள் எல்லோரையும் மேய்க்க ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு. மூன்று இயந்திரங்களுக்கு ஏழு பேர் எதற்கு என்று ஒரு முறை கேட்டேன். அதற்குப் பிறகு என்னைக் கூட்டங்களுக்கு அழைப்பதில்லை. கணினி பழுதானால் மட்டும் அழைப்பார்கள்.

நிலையத்தைக் கட்டித் தந்தவர் லண்டனில் இருக்கிறார். சிறுநீரக நோயால் இறந்த தன் தகப்பனாரின் ஞாபகமாகக் கட்டினார். நல்ல காரியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கட்டடத்தோடு நிற்கவில்லை. லண்டனில் கணினித் துறையில் ஏதோ வேலையாம். என்ன வேலை என்று குழுவில் ஒருவருக்கும் தெரியாது, 'பெரிய ஆள்' என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெரிய ஆள் தன் கையாலேயே பைதன் மொழியில் ஒரு நிரல் எழுதி, ஒரு மடிக்கணினியில் போட்டுக் கொண்டுவந்தார். எந்த நோயாளி எந்த நாளில் வரவேண்டும் என்று பட்டியல் போடுவதும், அவர்களின் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்புவதும் அதன் வேலை.

திறப்பு விழாவுக்கு என் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கை தட்ட ஆள் தேவை என்று கேட்டிருந்தார்கள். நிறைகுடம், குத்துவிளக்கு, மேசையில் மடிக்கணினி, அதற்குக் குறுக்கே சிவப்பு நாடா. மூடிக்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். லண்டன் அண்ணை நாடாவை வெட்டித் திரையைத் திறந்து, அதிலிருந்த ஒரேயொரு சின்னத்தைச் சொடுக்கினார். அந்தச் சின்னம் வேறொன்றுமல்ல, அவருடைய தகப்பனாரின் படம். அன்றிலிருந்து பட்டியல் வேண்டுமென்றால் தாதி தகப்பனாரின் முகத்தில் இரண்டு தரம் சொடுக்கவேண்டும். அச்சாகி வரும் தாளின் தலைப்பிலும் அவர்தான் இருப்பார். முதற்பட்டியல் வெளியே வந்தபோது குழுத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். இன்னும் எல்லோரும் அவரை அதிபர் என்றே அழைக்கிறார்கள். அவரும் எல்லோரையும் மாணவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

புறப்படும்போது லண்டன் அண்ணை ஒரு கட்டளை போட்டார். தான் வைத்த கோப்புறைக்குள் ஒருவரும் கை வைக்கக்கூடாது, நிரலை எப்போதும் அங்கிருந்துதான் தொடக்கவேண்டும். அதிபர் அதைச் சிவப்பு மையால் எழுதிக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டினார். பக்கத்தில் நோயாளிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்ற அறிவித்தல் கறுப்பு மையில் இருந்தது. எது முக்கியம் என்பது மையிலேயே தெரிந்தது.

நிரலில் ஒரு பெரிய பிழை இருந்தது. நோயாளிகளுக்குக் கிழமையில் இரண்டு முறை சுத்திகரிப்பு நடக்கவேண்டும். ஒருவரின் முறை நிலையம் மூடியிருக்கும் நாளில் வந்துவிட்டால், லண்டன் அண்ணையின் நிரல் அதை அப்படியே தூக்கி அடுத்த முறையில் போட்டுவிடும். அதாவது ஒரு முறை விடுபட்டுப் போகும், ஆள் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், காத்திருக்கவேண்டும். லண்டனில் பேருந்து ஒன்று தவறினால் அடுத்ததில் ஏறலாம் என்ற நினைப்பில் எழுதியிருக்கிறார் போலும்.

குருநகரிலிருந்து ஒரு கடற்றொழிலாளி திங்களும் வியாழனும் வந்துபோவார். கத்தோலிக்கர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, வலை இழுத்துப் பெருத்த கைகள். தீபாவளி ஒரு திங்கட்கிழமை வந்தது. நிலையம் மூடப்பட்டது. அடுத்த வியாழன் அவரை முச்சக்கர வண்டியிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். கால் இரண்டும் வீங்கி, பேச மூச்சில்லை. கொண்டாடாத தீபாவளிக்கு அந்த மனிதர் கொடுத்த விலை அது. மருத்துவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினார். மூடிய நாளில் வரும் முறையை முன்னுக்குத்தான் எடுக்கவேண்டும், பின்னுக்குத் தள்ளவே கூடாது என்று எழுதிக் கையொப்பமும் வைத்தார். அப்போதுதான் குழுவுக்கு என் ஞாபகம் வந்தது.

லண்டன் அண்ணைக்கு எழுதிக் கேட்டேன். நாள் கணக்குப் பார்க்கும் பகுதியைத் தனியொரு கோப்பாக எழுதியிருந்தார். அதன் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினார். கூடவே, 'தேவையில்லாமல் மாற்றவேண்டாம்' என்று ஒரு வரி. தேவையோடுதான் மாற்றினேன். பின்னுக்குத் தள்ளுவதை எடுத்துவிட்டு, அதற்கு முந்திய திறந்த நாளுக்குக் கொண்டுவரும்படி எழுதினேன். அவருடைய கோப்புறையில்தான் கை வைக்கக்கூடாதே. ஆகவே இப்படியான துணைக்கோப்புகள் வழக்கமாக இருக்கும் பொது இடத்தில், அதே பெயரில் என் கோப்பை வைத்தேன். நிரலின் பிரதி ஒன்றை எனக்கென்று திறந்த கோப்புறையில் போட்டு, அங்கிருந்து ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. திருத்திவிட்டேன் என்று அதிபரிடம் சொல்லிவிட்டு, தந்த தேத்தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தேன். கறுவாத் தேத்தண்ணீர், நன்றாக இருந்தது.

மாசி மாதம் தகப்பனாரின் திவசம் வந்தது. திவசத்தன்று நிலையத்தை மூடி அன்னதானம் கொடுப்பார்கள். சிறுநீரகம் பழுதாகி இறந்தவரை நினைத்து, சிறுநீரகம் பழுதானவர்களின் இயந்திரங்களை நிறுத்தி வைப்பார்கள். ஏழு பேரில் ஒருவருக்கும் இது நெருடவில்லை. அந்த முறை திவசம் ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாளைக்கு முன், செவ்வாய் மத்தியானம், தாதி எனக்குத் தொலைபேசி எடுத்தார். தென்மராட்சிப் பக்கத்துப் பெண், சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாதவர்.

"ரீச்சர், குருநகர் ஐயாவைப் புதன்கிழமைக்கு எடுக்கவேணுமெல்லோ? இது திங்கள் எண்டு காட்டுது."

"எந்தத் திங்கள்?"

"வாற கிழமைத் திங்கள், ரீச்சர். பழையபடி தள்ளிப்போட்டுது. நேற்று வந்தவருக்கே கால் கொஞ்சம் வீக்கம். இன்னொரு கிழமை அவர் தாங்கமாட்டார்."

பேனாவால் பெயரை எழுதிப்போட்டால் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். முடியாதாம். முன்னொரு காலத்தில் கையால் எழுதிய பட்டியல்களில் குழுவினரின் சொந்தக்காரர்கள் மட்டும் அடிக்கடி முளைத்தார்கள். அதைத் தடுக்க, அச்சான பட்டியலில் பெயர் இருந்தால் மட்டுமே களஞ்சியத்திலிருந்து வடிகட்டியும் குழாயும் எடுத்துத் தரவேண்டும் என்று குழுவே ஒரு சட்டம் போட்டது. திருட்டைச் செய்தவர்களே பூட்டையும் வாங்கிப் போட்டார்கள். புதன்கிழமைப் பட்டியல் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் அச்சாகவேண்டும். நான் வகுப்பை இடையில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

போனதும் கணினியில் என் கோப்புறையிலிருந்து ஓட்டினேன். புதன் என்றது. தாதியைப் பார்த்து, "வடிவாய்ப் பாருங்கோ, சரியாத்தானே வருது" என்றேன். அவர் வந்து தகப்பனாரின் முகத்தில் சொடுக்கினார். திங்கள் என்றது. நான் மறுபடியும் ஓட்டினேன். புதன். அவர் சொடுக்கினார். திங்கள்.

"நீங்கள் என்னத்தையோ மாறி அமத்துறியள்" என்றேன்.

"இதிலை அமத்த ஒண்டுதானே இருக்கு, ரீச்சர்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து தரம் சொடுக்கச் சொன்னேன். மெதுவாகச் சொடுக்குங்கள் என்றேன், விரலை நேராக வையுங்கள் என்றேன். ஒரே நிரல், ஒரே கணினி, ஆளைப் பார்த்தா பதில் சொல்லும்? இதற்குள் அதிபர் வந்துவிட்டார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"மிஸ்ஸுக்குக் கொம்பியூட்டர் பழக்கம் காணாது பிள்ளை" என்றார் என்னிடம், தாதியைக் காட்டி.

"ஓம் சேர், அதுதான் போல கிடக்கு" என்றேன் நான்.

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பிழை எங்கே என்று தெரியாதபோது பக்கத்தில் நிற்கும் அமைதியான ஆளின் தலையில் அதைக் கட்டிவிடுவது எல்லாத் தொழிலிலும் உள்ள கெட்ட குணம், என் தொழிலில் கொஞ்சம் அதிகம். தாதி முகத்தைத் திருப்பிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கணினியை நிறுத்தித் தொடக்கினேன். பழைய பட்டியல் எங்காவது சேமிப்பில் கிடக்கிறதா என்று பார்த்து அழித்தேன். அதிபர் இது வைரசா என்று கேட்டார். பிறகு, சரஸ்வதி பூசைக்கு இந்த முறை கணினியைக் கும்பத்தடியில் வைக்க மறந்துவிட்டோம் என்று தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றரை மணியாகிவிட்டது.

என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு தந்திரம் உண்டு. நிரல் உன் கோப்பை வாசிக்கிறதா என்று சந்தேகம் வந்தால், கோப்பின் தலையில் ஏதாவது குப்பையை எழுதிப்போடு. வாசித்தால் இடறி விழவேண்டும். எனக்கே அதைச் செய்யும் புத்தி வர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கோப்பைத் திறந்து, வந்த ஆத்திரத்தில், முதல் வரியாக 'லண்டன் அண்ணைக்கு விசர்' என்று தமிழிலேயே எழுதினேன். எங்கள் ஊரில் விசர் என்றால் பைத்தியம், பைதனுக்கு அது சுத்தமான குப்பை. சேமித்துவிட்டுத் தாதியிடம் சொடுக்கச் சொன்னேன்.

நிரல் எந்தச் சலனமும் இல்லாமல் ஓடியது. பட்டியல் வந்தது. திங்கள்.

அப்படியென்றால் அது என் கோப்பைத் திறந்து பார்க்கவே இல்லை. ஐப்பசியில் நான் எழுதிப் பெருமையாக வைத்த கோப்பு, பொது இடத்தில் சும்மா குந்திக்கொண்டிருக்கிறது. வேறு எங்கோ இருந்து பழைய கோப்பு உள்ளே போகிறது. என் கன்னத்தில் ஒன்று விழுந்தது போல இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பாதி பாரம் இறங்கியது. பிழை தாதியின் விரலில் இல்லை என்பதாவது நிச்சயம்.

பைதனிடம், நீ எதையெதை எங்கிருந்து எடுக்கிறாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு ஓடு எனக் கேட்க ஒரு வழி இருக்கிறது. தகப்பனாரின் முகத்துக்குப் பின்னால் எந்தக் கட்டளை இருக்கிறது என்று பார்த்து, அதையே அப்படியே எடுத்து, இந்தக் கேள்வியையும் சேர்த்து ஓட்டினேன். நூற்றுக்கணக்கான வரிகள் திரையில் ஓடின. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். அகப்பட்டது. நாள் கணக்குக் கோப்பு லண்டன் அண்ணையின் கோப்புறையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பிறகு எல்லாம் விளங்கியது. ஒரு நிரல் ஒரு துணைக்கோப்பைக் கேட்டால், பைதன் முதலில் அந்த நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அதற்குள்தான் தேடும். அங்கே இருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடும். பொது இடத்தை எட்டியும் பார்க்காது. நான் ஓட்டியபோது என் கோப்புறையிலிருந்து ஓட்டினேன், அங்கே வேறெதுவும் இல்லை, பொது இடத்துக்குப் போய் என் கோப்பை எடுத்தது. தாதி சொடுக்கும்போது, கட்டளைப்படி, லண்டன் அண்ணையின் கோப்புறையிலிருந்து தொடங்கியது. அங்கே அவர் பழைய கோப்பை வைத்திருந்தார். அதுவும் எப்படி? நாங்கள் வாசிக்கக்கூடிய எழுத்தாக அல்ல, இயந்திரத்துக்கு மட்டும் விளங்கும்படி மாற்றிய வடிவில். அதனால்தான் நான் அன்று மேலோட்டமாகப் பார்த்தபோது, ஏதோ கழிவு என்று கண்ணை எடுத்துவிட்டேன். இங்கே இருப்பவர்கள் திறந்து பார்த்துக் கெடுத்துவிடுவார்களாம், அதற்காக அப்படி வைத்தாராம். பின்னொரு நாள் அவரே வாயால் சொன்னது.

பிரதி அனுப்பியவர் இதைச் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் கேட்கவும் இல்லை. மாணவன் ஒருவன் இப்படி ஒரு வேலை செய்திருந்தால், பழையது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புதியதை எங்கே கொண்டுபோய் வைத்தாய் என்று வகுப்பு முழுதும் கேட்க ஏசியிருப்பேன்.

மணி நாலேகால். அதிபரிடம் சொன்னேன்.

"சேர், அந்தக் கோப்புறைக்குள்ளை ஒரு பழைய கோப்புக் கிடக்கு. அதை எடுத்தால் சரி."

"ஐயோ பிள்ளை, அதிலை கை வைக்கக்கூடாது."

"கை வைக்காட்டில் நாளைக்குக் குருநகர் ஆளின்ரை பேர் வராது."

"அதுக்கில்லை. அண்ணையைக் கேக்காமல் எப்பிடி? நாளையிண்டைக்குத் திவசம். இந்த நேரத்திலை மனவருத்தம் வரப்படாது."

"ஆருக்கு மனவருத்தம் சேர்? செத்தவருக்கோ?"

அதிபர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எட்டாம் வகுப்புக்கு இறக்கப்பட்டேன். லண்டனுக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்று கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசற்படலைப் பக்கம் போனார். கட்டடத்துக்குள் சிக்னல் இல்லை. கொடையாளியின் பெயர் பதித்த தகட்டுக்கூரை அதையும் தடுத்துக்கொண்டிருந்தது. யன்னலால் பார்த்தேன், தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி, மதில் ஓரமாக முன்னும் பின்னும் நடந்தார். அவர் முதுகு திரும்பியது. நான் அந்தக் கோப்பை எடுத்துக் குப்பைக்குள் போட்டேன். ஒரு விநாடி வேலை. இத்தனை காலம் ஒரு கிராமமே கும்பிட்டுக்கொண்டிருந்த சாமான், ஒரு விநாடி.

"இப்ப அமத்துங்கோ" என்றேன்.

தாதி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொடுக்கினார். திரை முழுதும் பிழைச் செய்தி. பட்டியல் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து அதிபர் உள்ளே வந்தார். தொலைபேசியில் லண்டன் அண்ணையின் குரற்பதிவு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

"சேர், அதிலை ஒருத்தரும் கை வைக்கவேண்டாம். நாங்கள் இஞ்சை நல்லாச் செக் பண்ணித்தான் தந்தது. பிழை எண்டால் அங்கை பாவிக்கிற ஆக்களிலைதான் இருக்கும். நான் ஆவணியிலை வரேக்கை பாக்கிறன்."

ஆவணி! மாசியிலிருந்து ஆவணிவரை அந்த மனிதரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லலாம் என்று நினைத்துவிட்டார் போலும். அதிபர் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்ட வந்தார். மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். பைதன் எந்த வரியில் இடறுகிறதோ அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டும். காட்டிக்கொண்டிருந்தது.

"லண்டன் அண்ணைக்கு... விசர்?" என்று வாசித்தார். "என்ன பிள்ளை இது?"

"அது கொம்பியூட்டர் சொல்லுது, சேர்."

"கொம்பியூட்டரோ?"

"ஓம். அது தன்ரை பாட்டிலை சொல்லும்."

அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லண்டனிலிருந்து வந்த கணினி பொய் சொல்லாது என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கைக்கும் அண்ணைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். தாதி கையால் வாயைப் பொத்திக்கொண்டு களஞ்சிய அறைக்குள் போய்விட்டார். எனக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி. குப்பை வரியில் இடறி விழுந்தால், முதன்முறையாக என் கோப்பை வாசிக்கிறது என்றுதானே அர்த்தம். வரியை அழித்துச் சேமித்தேன். நானே தகப்பனாரின் முகத்தில் சொடுக்கினேன். புதன்கிழமை, இரண்டாம் இயந்திரம், காலை எட்டு மணி, குருநகர். அச்சுப்பொறி தாளைத் தள்ளியது. செய்தியும் போய்விட்டது.

"அண்ணையின்ரை கோப்புறையிலை கை வைக்கேல்லைத்தானே?" என்றார் அதிபர்.

"இல்லை சேர்" என்றேன். கண்ணிமைக்காமல் சொன்னேன்.

புதன்கிழமை எனக்குப் பத்து மணிக்குத்தான் வகுப்பு. காலையிலேயே உரும்பிராய்க்குப் போனேன். போகவேண்டிய தேவை ஒன்றும் இல்லை. நான் செய்த வேலையைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வேண்டாமென்று சொல்லும் எண்ணமும் இல்லை.

குருநகர்க்காரர் இரண்டாம் இயந்திரத்தில் இருந்தார். கையில் குழாய் இரண்டு, கண் மூடியிருந்தது, மூச்சு சீராக வந்தது. மனைவி பக்கத்துக் கதிரையில் செபமாலையோடு. தாதி என்னைக் காட்டி, இவதான் கொம்பியூட்டர் ரீச்சர் என்றார். மனைவி சட்டென்று எழுந்து நின்றார். இருங்கோ இருங்கோ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு நான் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

"நல்ல காலம் ரீச்சர், இந்த முறை முன்னுக்கு வரச்சொல்லி மெசேச் வந்தது" என்றார். "பொங்கலுக்கு அப்பிடி வரேல்லை. அதுதான், இதென்ன மாறி வருது எண்டு யோசிச்சனாங்கள்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "பொங்கலுக்கு என்னெண்டு வந்தது?"

"வியாழன் இல்லை, திங்கள் வாங்கோ எண்டு."

தாதியைப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கிழமை நான் லீவிலை நிண்டனான், ரீச்சர். வேறை பிள்ளைதான் பட்டியல் எடுத்தது. எனக்கும் இப்பதான் தெரியும்" என்றார்.

குருநகர்க்காரர் கண்ணைத் திறந்திருந்தார். பெரிய கையொன்றை மெல்லத் தூக்கி, விரல்களைக் குவித்துக் காட்டினார். "போத்தில் மூடியாலைதான் தண்ணி குடிச்சனான். காலமை ரண்டு மூடி, பின்னேரம் ரண்டு மூடி. படுத்தால் மூச்சு முட்டும். மூண்டு நாள் கதிரையிலை இருந்துதான் நித்திரை."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பார்க்கவில்லை, எப்போதும் போல எதிரில் இருந்தவர்கள்மேல் வந்தது. "ஏன் ஒரு கோல் எடுக்கேல்லை? தீபாவளிக்குப் பட்டது காணாதோ? பிழையாக் கிடக்கு எண்டு ஒருத்தரிட்டையாவது கேட்டிருக்கலாமே!" என்று சத்தம் போட்டேன். முதலாம் இயந்திரத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மனைவி செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"தீபாவளிக்குப் பிறகு ரீச்சர் வந்து திருத்திப்போட்டா எண்டு எங்களுக்குச் சொன்னவை. அதுதான் ரீச்சர், திருத்தினாப் பிறகு வந்த மெசேச் எண்டபடியால், இதுதான் சரியாக்கும் எண்டு நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் கோபமாக இருக்கிறேனென்று, என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார்.